நாலு முன்வாசல்

ஹாஸ்கெட் ஊர்க்காரர்களிடம் எதைப் பற்றியும் பேசலாம். கவுன்டி கோர்ட்டுக்கு முன்வாசல் எது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சதுக்கத்தின் நடுவே கோர்ட்டைக் கட்டியபோது, நாலு தெருக் கடைக்காரர்களும் முகப்பு தங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். வரைபடம் போட்டவர் பிழைக்கத் தெரிந்த மனிதர். நாலு பக்கமும் ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி படி, ஒரே மாதிரி கதவு வைத்துவிட்டு ரயிலேறிவிட்டார். அன்றிலிருந்து அவரவர் பக்கம் முன்வாசல், மற்ற மூன்றும் பின்வாசல்.

கிழக்குத் தெருவில் தீவனக் கடை வைத்திருந்த வெர்டி ஸ்ட்ரவுட் பிடிவாதத்துக்குப் பேர்போனவள். நாற்பது தாண்டியும் எவனுக்கும் மசியாதவள், மேற்குத் தெருவில் சலூன் வைத்திருந்த ஹார்லன் கெம்பரிடம் எப்படியோ மசிந்தாள். நீதிபதி முன்னால் கல்யாணம். நண்பகலில் முன்வாசலில் சந்திப்பது என்று பேச்சு.

மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்தது. வெர்டி புதுத் தொப்பியோடு கிழக்குப் படியில் நின்றாள். மாப்பிள்ளையைக் காணோம். தெருவே கடைவாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அவளுக்கு அழுகை முட்டியது. ஊர் பார்க்குமே என்று அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். சலூனுக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட, கோர்ட்டுக்குள் புகுந்து குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள். குவிமாடத்துக்குக் கீழே, எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் வந்த ஹார்லன் மேல் மோதினாள்.

"எங்க போய்த் தொலஞ்ச?"

"முன்வாசல்லதான் நின்னேன்," என்றான் ஹார்லன்.

"அது பின்வாசல். குப்பை வண்டி நிக்கிற எடம்."

சத்தம் கேட்டு நீதிபதி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாசல் விவகாரம் தீர்ந்தால்தான் கல்யாணம் என்றாள் வெர்டி. அப்படியென்றால் அது தன் பேரன் காலத்தில்தான் நடக்கும் என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நட்டநடுவில் நிற்கவைத்தே மணம் முடித்தார். வெளியே போனது தெற்கு வாசல் வழியாக. தெற்குத் தெருக்காரர்கள் இன்றும் அதைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

வாழ்ந்த காலமெல்லாம் அந்தச் சண்டை ஓயவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளிலும் அவள் கிழக்குப் படியிலும் அவன் மேற்குப் படியிலும் நின்று, பன்னிரண்டு அடித்ததும் நடுவில் சந்தித்து, பேக்கரிக்கு ஆப்பிள் பை சாப்பிடப் போவார்கள்.

ஹார்லன் செத்த வருஷம், அந்த நாளில், வெர்டி பழைய தொப்பியோடு மேற்குப் படியில் நின்றாள். கிழக்குத் தெரு பேக்கரிக்காரன் எமெட்டுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன வெர்டிம்மா, கடைசில ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிறதா? இது பின்வாசல்தான்டா," என்றாள். "என் பக்கமிருந்து உள்ள போனா, எதிர்ல யாரும் வரமாட்டாங்க. அதான் அவன் நின்ன எடத்துலயே வந்து நிக்கிறேன்."