கண்ணாடிக் குழலில் கோணிய வெளிச்சம்

கடலைச் சாக்கின் புழுதி வாசனையும், கம்பி கருகுகிற மாதிரி ஒரு நெடியும், "கிர்ர்" என்று விடாமல் இரைகிற ஒரு பெட்டியும் சேர்ந்ததுதான் எனக்கு அந்த நாள். ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடி, வகுப்பை இருட்டாக்கி, எங்கள் சயன்ஸ் "மாஷ்" மேசைமேல் நீளமான ஒரு கண்ணாடிக் குழலை வைத்திருந்தார். மலையாள எல்லையில் இருக்கிற எங்கள் பெருமாட்டிப் பக்கத்தில் வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். குழலுக்குள் நூல் பிடித்தது போல நேராக ஒரு பச்சை வெளிச்சம் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத அணுத்துணுக்குகள் ஓடுகிற வழி அது என்றார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. வகுப்பில் கணக்கை முதலில் போட்டு முடிக்கிறவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பெரியவளாகி, சீர் முடிந்து, பள்ளிக்கூடம் திரும்பியது அந்த வாரந்தான். வயசுக்கு வந்தவளுக்குப் படிப்பு எதற்கு என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும், "படிக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்று விட்டிருந்தார். வெளியே போகிற புதுப்பெரியவள் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பு வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கத்தியோ அரிவாளோ கொண்டுபோக முடியாதே என்று அம்மா ரொம்ப யோசித்து, மைக் செட்காரர் தூக்கிப் போட்ட ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் முடிந்து என் இடுப்பில் கட்டிவிட்டாள். "மத்த இரும்பையெல்லாம் இழுக்குதல்ல, அப்ப இதுதான் இரும்புலயே கெட்டி" என்பது அவள் கணக்கு. யாருக்கும் காட்டக் கூடாது, அதிலும் ஆம்பளைகளுக்குக் காட்டவே கூடாது என்றாள்.

மாஷ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். என் முறை வந்து மேசையோடு ஒட்டி நின்றதும் அந்தப் பச்சைக்கோடு வளைந்தது.

"யாரு மேசைய இடிக்கிறது?" என்றார் மாஷ். கம்பியைக் குனிந்து பார்த்தார். என்னைப் பின்னால் போகச் சொன்னார், கோடு நிமிர்ந்தது. முன்னால் வரச் சொன்னார், வளைந்தது.

"மாஷே, பொன்னாத்தாளைக் கண்டாத்தானுங்க அது கோணுது! இவளுக்கு இப்பத்தானுங்க சீரு செஞ்சாங்க!" என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"காந்தம் ஏதாச்சும் வெச்சிருக்கியா புள்ள?" என்று மாஷ் கேட்டார். இடுப்பில் இருப்பதை எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. "செரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று பெட்டியை அணைத்தார்.

எனக்கு அவமானத்தைவிடக் குழப்பந்தான் பெரிதாக இருந்தது. காந்தம் என்றால் இழுக்க வேண்டும். இல்லை, பிடிக்கவில்லையென்றால் தள்ள வேண்டும். நான் குழலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். கோடு என் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை, நேராகக் கீழே அல்லவா இறங்கியது! இதை நாளைக்கு மாஷிடம் கேட்டே தீர வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு முன்னாலேயே கண்ணம்மா சொன்ன சேதி வீட்டுக்குப் போயிருந்தது.

"சரசுவதியே இவளைக் கண்டு ஒதுங்கறாளாமா! இன்னும் என்னத்துக்குப் பள்ளிக்கோடம்?" என்றாள் பெரியம்மா.

அம்மா விடவில்லை. "எம் புள்ளையக் கண்டு ஒதுங்குலீங்க அக்கா. நாங் கட்டியுட்ட இரும்பக் கண்டு பயந்திருக்குதுங்க!"

"ஒதுங்குலீங்க, கீழ எறங்குச்சுங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெரியம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்றே நானும் நினைத்தேன். அப்பா மட்டும் வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

"இரும்பக் கண்டு பயப்படற சமாச்சாரத்தப் பள்ளிக்கோடத்துக்குள்ள வெச்சிருக்கறாங்களா?" என்றார் கடைசியில். "அப்பேர்ப்பட்ட எடத்துக்குப் புள்ள போக வேண்டாம்."

அம்மா அழுதும் பார்த்தாள், நான் பட்டினி கிடந்தும் பார்த்தேன். மாஷும் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அப்பா மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார். அறைக்குள் இருந்த எனக்கு மாஷின் செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் சாக்குப் போட்ட ஜன்னலும் இல்லை, அந்தக் குழலும் இல்லை. எல்லாம் திரையில் காட்டுகிறார்களாம். பக்கத்துச் சித்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் எடுக்கிற என் மருமகளிடம் இன்று காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அன்று அந்தக் கோடு கீழே இறங்கியதைப் பற்றிக் கேட்டேன். அவள் இடது கையில் மூன்று விரல்களை மூன்று திசைக்கு விரித்து, காந்தம் இப்படி, ஓட்டம் இப்படி, அப்போது தள்ளுவது இப்படி என்று காட்டினாள். பார்த்தால் சரியாகக் கீழேதான் வருகிறது. நான் கண்டது பொய்யில்லை.

"அது செரி சாமி, ஏன் அப்படி?" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நல்லாக் கேட்டீங்க அத்தை. சாயங்காலம் வந்து உக்காந்து சொல்றனுங்க" என்று பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு சாயங்காலம் பெரிதில்லைதான். ஆனாலும் வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டேன். மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை.