துப்பாக்கிக்குப் பல்செட்

அமெரிக்க ரைஃபிளின் மூக்கு என் கையோடு வந்துவிட்டது.

டெல்லியில், லோதி ரோடு பக்கம் ஓர் அருங்காட்சியகத்தில் நான் ஸ்டோர் இன்சார்ஜ். குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்காக, நூறு வருடத்துக்கும் முன்னால், அமெரிக்காவில் ஒருவர் கையால் செய்த ரைஃபிள் அது. மறுநாள் பார்வைக்கு வைப்பதற்காகத் துடைத்தேன். குழாயின் நுனி தனியாகக் கழன்று உள்ளங்கையில் உட்கார்ந்தது.

என் பிரமோஷன் ஃபைல் டைரக்டர் மேஜையில் இருந்த வாரம் அது. மனதுக்குள் என் சஸ்பென்ஷன் ஆர்டரை நானே டைப் செய்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன். மனைவிக்கு போன் போட்டேன்.

"ஏங்க, உடைஞ்சதுதானே, வெடிக்கலையே? அழாம ஒட்டுங்க. என் செருப்புக்குக் கரோல் பாக்ல வாங்கின க்ளூ உங்க பையிலதான் கிடக்கு."

நுனியில் நாலு ஊசி. குழாயில் நாலு துளை. உடைந்த பொருளுக்கு இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது என்று மூளையுள்ளவன் யோசித்திருப்பான். நான் க்ளூ விட்டு அழுத்தினேன்.

காலையில் டைரக்டர், துவாரகாவிலிருந்து ஒரு ரிடையர்டு கர்னலைக் கூட்டி வந்தார். திருநெல்வேலிக்காரர், பழைய ரைஃபிள்களில் பித்து.

"இதச் செஞ்சவன் லேசுப்பட்ட ஆளு இல்லவே! குழாய் நுனிய அறுத்து, ஊசி வச்சுத் திரும்ப மாட்டி, ரெண்டையும் சேத்துதான் உள்ள குண்டு சுழலுத காடிப் பள்ளம் வெட்டுவான். குழாய் வாய் தேயாம இருக்க, நுனிய மாட்டிக்கிட்டு முன்வழியா குண்டை ஏத்தணும். சுடுதப்போ கழட்டிரணும். துப்பாக்கிக்குப் பல்செட்டுன்னு வச்சுக்கிடும். இந்தா, கழட்டுதேன் பாரும்."

இழுத்தார். திருகினார். அவர் முகம் சிவந்தது. என் முகம் வெளுத்தது.

"என்ன கர்னல் சாப், வரலையா?" என்றார் டைரக்டர்.

கர்னல் தோற்பாரா? "எப்படி வரும்? வேலைப்பாடு அப்படி! இத்தனை வருசத்துல ஒரு நூல் அசைஞ்சிருக்கா?"

"அச்சா!" டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "கண்ணன், இதை அப்படியே அட்டையில எழுதி ஒட்டுய்யா. ஜல்தி!"

கூடி நின்ற ஊழியர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் பலமாக.

சாயங்காலம் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு நுனியை விடுவித்தேன். பிரமோஷனும் வந்தது. 'அரும்பொருள் பராமரிப்பில் தனி அக்கறை' என்று குறிப்பு வேறு.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஏதாவது கையோடு வந்தால், ஒட்டுவதற்கு முன் அது வர வேண்டியதுதானா என்று கேளுங்கள்.

நுனி இப்போது லேசாக இழுத்தாலே வருகிறது. 'கழற்ற முடியாத நேர்த்தி' என்ற அட்டைதான் வராது. அதை ஒட்டச் சொன்னவர் டைரக்டர்.