அடிபிடித்த சூப்

எந்த நாட்டுச் சாப்பாடு வேண்டுமானாலும் அந்தத் தெருவில் கிடைக்கும். கடைக்கொரு கொடி, கடைக்கொரு பாட்டு. பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்தால்தான் குட்டு உடையும்: எந்தக் கொடி பறந்தாலும் உள்ளே வெங்காயம் உரிப்பது நம் ஆட்கள்தான். அவர்களில் ஒருத்திதான் சூப்பக்கா.

ஒருநாள் அவள் காய்ச்சிய பூசணிக்காய் சூப் அடிபிடித்துவிட்டது. கொட்ட மனசில்லை. மேலாக வேறு பானைக்கு மாற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, கடவுள் விட்ட வழி என்று அனுப்பிவிட்டாள். கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தது. பின்னாலேயே இன்னொன்று கேட்டார்கள். அன்றிலிருந்து வேண்டுமென்றே அடிபிடிக்க விடுவாள். எப்போது இறக்க வேண்டும் என்பது அவள் மூக்குக்கு மட்டும் தெரியும். முதலாளி துருவிக் கேட்டால், "அது கைராசிங்க" என்று மழுப்பிவிடுவாள்.

தங்கையிடம் மட்டும் மறைக்கவில்லை. புருஷன் விட்டுப்போய் நின்றவளைத் தன் அடுப்படியிலேயே சேர்த்துக்கொண்டு, அந்தப் பக்குவத்தையும் சொல்லிக்கொடுத்தாள். கூடப் பிறந்தவளிடம் என்ன ஒளிவுமறைவு? பிறகு, "இடுப்பு வலிக்குதுக்கா, வீட்டோட இருக்கேன்" என்று தங்கை வேலையை விட்டு நின்றுகொண்டபோது தைலம் வாங்கிக் கொடுத்ததும் இந்த ஏமாளிதான்.

அடுத்த மாதமே தெருமுனையில் புதுக் கடை வந்தது. இங்கே கூட்டம் கலைந்தது.

"அங்கயும் இதே சூப்பாம். ஊரெல்லாம் கிடைக்குறதுக்கு நீ எதுக்கும்மா?" என்றார் முதலாளி. மாதக் கடைசியோடு வேலை இல்லை.

இதே சூப்பா, அது எப்படி என்று பொருமிக்கொண்டே, நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள் சூப்பக்கா. ஒரு வாய்தான் வைத்தாள். அவளுடைய பக்குவமேதான்.

"செஞ்சவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்க."

உயரத் தொப்பியோடு தங்கை வந்தாள். இடுப்பு நன்றாகவே நிமிர்ந்திருந்தது. அக்காளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பக்கத்தில் புது முதலாளி நின்றார்.

"சூப் எப்படி இருக்கு, மேடம்?" என்றாள், யாரோ எவரோ போல.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சு வந்த நாளிலிருந்து 'அக்கா' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

"அடிபிடிச்சிருக்கு" என்றாள் சூப்பக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி.

சொன்ன பிறகு எல்லோருக்கும் அந்த வாசனை தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். முதலாளி தொட்டு நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். இனி அந்தத் தெருவில் அந்தச் சூப்பை அக்காளும் காய்ச்ச முடியாது, தங்கையும் காய்ச்ச முடியாது.

"அக்கா..." என்றாள் தங்கை.

"மேடம்னே கூப்பிடும்மா" என்று எழுந்தாள் சூப்பக்கா.