நத்தையைச் சுட்ட ஞாயிறு

கடல் நத்தை ஒன்றை நான் அடுப்பில் சுட்டேன். தின்பதற்கென்றாலாவது மன்னித்துவிடலாம். அழகாக்குவதற்காகச் சுட்டேன்.

உயிருள்ள நத்தை இல்லை. கல்லாகிப்போனது, சுண்டுவிரல் நகமளவு. யாழ்ப்பாணத்தில் என் மனைவி வீட்டுக் கிணற்றை ஆழமாக்கியபோது, வெட்டிப்போட்ட சுண்ணாம்புக்கல்லில் இருந்ததாம். அந்த இனமே இப்போது எந்தக் கடலிலும் கிடையாதாம். புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு விஞ்ஞான டீச்சராக வந்தபோது, அதைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரான எனக்கு வந்த சீதனமும் அது ஒன்றுதான். வீட்டிலும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவேன். அதுதான் பாதுகாப்பு.

நத்தை எப்படிக் கல்லாகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். திங்கட்கிழமை கையிலேயே தருகிறேன், பாருங்கள் என்று டீச்சர் சவால் விட்டிருந்தார். ஞாயிறு காலை தீப்பெட்டியைத் திறந்தவர், சுழியே தெரியவில்லையே, மங்கிக் கிடக்கிறதே என்று கவலைப்பட்டுவிட்டு, மரக்கறி வாங்கப் பொலவுக்கு, அதுதான் வாரச் சந்தைக்கு, போனார்.

குருவிட்டயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ஒரு சிங்கள மாத்தயா மங்கிய மாணிக்கக்கல்லைச் சிரட்டைக்கரிக்குள் வைத்து, குழாயால் ஊதிச் சுட்டு, பளிச்சென்று எடுத்ததை அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன். மாணிக்கத்துக்கு ஆகிற வைத்தியம் நத்தைக்கு ஆகாதா? அந்த அரைமணி நேரப் படிப்போடு அடுப்படியில் உட்கார்ந்து, நத்தையைக் கரிக்குள் வைத்து, கன்னம் வலிக்க ஊதினேன். கரி சிவந்தது, என் கண்ணும் சிவந்தது.

நத்தை வெள்ளைவெளேரென்று வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. சாம்பலைக் கழுவிவிடுவோம் என்று சாசரில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். சுர்ரென்றது. ஆவி கிளம்பியது. வெடித்துக் குழைந்து, சாசரில் வெள்ளைச் சேறாகிவிட்டது. பதினைந்து வருஷமாக வெற்றிலை போடுகிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அசல் சுண்ணாம்பு. லட்சக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த ஜீவன், என்னிடம் ஒரு காலைப்பொழுது தாங்கவில்லை.

சந்தையிலிருந்து திரும்பிய டீச்சர் பையை இறக்கி வைத்தார். சாசரைப் பார்த்தார், என் முகத்துக் கரியைப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். டீச்சர் வெறும் தீப்பெட்டியை எடுத்து மெதுவாக மூடினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாசரை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டேன்: “நாளைக்கு புள்ளைங்களுக்கு என்னத்தங்க காட்டுவீங்க, டீச்சர்?”

“உங்களைத்தான்.”