காத்திருக்காத வண்டி

இன்று புதூர்நாடு மலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், ரயில் ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கிறாளாம். நான் அந்த வேலையில் ஓய்வு பெற்றவன் என்றேன்.

"இன்னாத்துக்குங்க இந்த வேலைக்குப் போனீங்க?"

எண்பதுகளில் எங்கள் மலைக்கு ஜீப்தான். ஆள் நிரம்பாமல் கிளம்பாது. பத்தாவது பரீட்சையன்று நான் திருப்பத்தூர் போய் இறங்குவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அங்கே ரயில்வே ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்தபோது, ஒரு ரயில் யாருக்காகவும் காத்திருக்காமல் கிளம்பியது. ஓட்டினால் இதைத்தான் ஓட்ட வேண்டும் என்று தோன்றியது.

"அப்புறம்?"

"கூட்ஸ் வண்டி குடுத்தாங்கம்மா. எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழி விட்டு, பாதி சர்வீஸ் சிக்னல்லயே நின்னேன்."

அவள் அசரவில்லை. "வூட்ல மாப்ளைக்குக் காத்துனு இருக்கறதுக்கு, சிக்னலுக்குக் காத்துனு இருக்கலாங்க. சம்பளமாவது வரும்."