பஸ் ஓடாத வாரம்

என் தம்பிக்கு நான்தான் எமன் என்று எட்டு வயதில் முடிவு செய்துகொண்டேன். அதற்கு ஒரு கமர்கட்டே போதுமானதாக இருந்தது. காக்காய்க் கடி கடிப்பதென்றால் பாவாடைத் துணிக்குள் வைத்துக் கடிக்க வேண்டும், எச்சில் படக்கூடாது. அன்று எனக்குச் சளி. சோம்பல்பட்டு அப்படியே வாயில் வைத்துக் கடித்து, பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

எனக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகிவிட்டு நின்றுபோனது. நாலு வயதுத் தம்பிக்கு அதே சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “வீட்ல மொதல்ல யாருக்குச் சளி?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளைக்கும் குறையவில்லை என்றால் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு. அந்தக் காலத்துப் பஸ்ஸை அணைத்தால் ஆள் சேர்த்துத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால் டிரைவர்கள் இன்ஜினை அணைக்கவே மாட்டார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேரே உறுமிக்கொண்டே நிற்கும். தண்ணீர்ப் பானையின் மூடியைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். பகலெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில், தம்பி அந்த ஜன்னலில். பஸ் பார்க்கக் கொடுத்துவைத்த பிள்ளை என்பார்கள் பக்கத்து வீட்டார். அந்தப் புகை அவன் நெஞ்சை முன்னமே புண்ணாக்கி வைத்திருக்கும், என்னிடம் மூக்கோடு போன சளி அவனிடம் அந்த ஆட்டம் ஆடியது அதனால்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்குப் புகை என்றால் அடுப்பில் வருவது மட்டும்தான்.

மறுநாள் பஸ்ஸே இல்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம், ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். “புள்ளைய தூக்கிக்கினு எப்டிப் போறது?” என்று அம்மா அழுதாள். அப்போதுதான் நான் வேண்டிக்கொண்டேன். தம்பி பிழைத்தால் போதும், அவன் பக்கம் போகமாட்டேன், அவனோடு பேசமாட்டேன். வெளியே சொன்னால் வேண்டுதல் பலிக்காது. ஆகவே ஒருவரிடமும் சொல்லாமல் அடுப்பங்கரையில் தனியாகப் படுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. மேற்கே கல்வராயன் மலை பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் நாள் தம்பி கஞ்சி குடித்தான். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். தூதுவளைக் கஷாயம் வேலை செய்கிறது என்றார் அப்பா. மாரியாத்தா கண் திறந்தாள் என்றாள் அம்மா. விஷயம் தெரியாதவர்கள் என்று இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

மரங்களை அகற்றியதும் ஒரு வாரமாக முடங்கிக் கிடந்த பஸ்கள் எல்லாம் ஒன்றாக வந்து உறுமின. “அக்கா, பஸ்ஸு வந்துகினு கீது, வா!” என்று தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் வரை இருவரும் அந்த ஜன்னலிலேயே இருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. விளக்கு வைப்பதற்குள் அவன் விலா மறுபடியும் உள்ளே போகத் தொடங்கியது.

அந்தப் பஸ்ஸிலேயே அவனைப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போனார்கள். பதினைந்து நாள் நான் அத்தை வீட்டில் இருந்தேன். அவன் பிழைத்து வந்தான். வந்ததும் என்னைத் தேடினான். நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். ஒரு தரம் வாக்குத் தவறியாயிற்று, இன்னொரு தரம் சாமி விடாது.

“இன்னாடி கல்லு மனசு உனுக்கு? அவன்கிட்ட ஒரு வார்த்த பேசுனா இன்னா?” என்று அம்மா கேட்டாள். பொறாமை என்று அப்பாவிடம் சொன்னாள். வாயைத் திறந்தால் தம்பி செத்துப்போவான் என்பதால் நான் திறக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தம்பியும் விடவில்லை. தினமும் அடுப்பங்கரை வாசலில் நின்று “அக்கா, அக்கா” என்பான். பொங்கல் வரைக்கும் கூப்பிட்டான். பிறகு ஒரு நாள் வந்து நின்றவன், என்னைத் தாண்டி அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். மறுநாளும் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் வேண்டுதலைக் காப்பாற்றுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.