நகல் எடுக்கக் கொடுத்த கடிதம்

சிம்பாங் அம்பாட் ஊரிலிருந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருபது நிமிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் எங்கள் தோட்டம் வரும். இருபத்தெட்டு வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மளிகைக் கடை. பெரிய மழை பெய்தால் ஓடைப் பாலம் மூழ்கிவிடும். தண்ணீர் வடியும்வரை யாரும் வெளியே போக முடியாது, உள்ளே வரவும் முடியாது.

நான் அலோர் காஜாவில் நகலெடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். தினமும் டவுனுக்குப் போய் வருகிறவள் என்பதால், எங்கள் தோட்டத்துப் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், செய்தி போடுவது மெல்ல மெல்ல என் பொறுப்பாகிவிட்டது. நாளை காலை தண்ணீர் வராது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மரம் விழுந்து கிடக்கிறது. ஏழாம் நம்பர் வீட்டு ஆட்டைக் காணோம். கிளினிக்குக்கு வந்திருக்கும் புது டாக்டர் தமிழ் பேசுகிறார். கைப்பேசியை எடுத்ததும் எல்லாரும் முதலில் நான் எழுதியதைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை செய்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், அந்த வருடம் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். எழுத இருந்தாள். விடிவதற்குள் நீலச் சீருடை போட்டுக்கொண்டு மோட்டாரில் சிம்பாங் அம்பாட் வரை போய், அங்கே கம்பெனி பஸ் ஏறுவார்.

ஒருநாள் மத்தியானம் அவர் அதே சீருடையில் எங்கள் கடைக்கு வந்தார். இந்த நேரத்தில் இங்கே எப்படி என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடையாள அட்டையையும் ஒரு கடிதத்தையும் நீட்டினார்.

“ரெண்டு ரெண்டு காப்பி போடும்மா.”

கடிதத்தைக் கண்ணாடி மேல் வைக்கும்போது கண் தானாக அதில் ஓடியது. ஆள் குறைப்பு, போன மாதத்தோடு வேலை முடிந்துவிட்டது. அக்கா திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. வீடு வந்ததும் குழுவில் எழுதினேன்: “நம்ம நீலச் சட்டை அக்காவுக்கு வேலை போயிடுச்சு. முடிஞ்சவங்க உதவி பண்ணுங்க.” யாருக்கும் பேர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் நீலச் சீருடையில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை அவர் வாசலில் அரிசி, எண்ணெய், முட்டை, பிஸ்கட் டின் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. என் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துபோனது. சிறிது நேரத்தில் அக்கா அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார்.

“இத யாரு கேட்டா?”

“அக்கா, உதவியா இருக்கும்னுதான்...”

“காப்பி எடுக்கத்தானே குடுத்தேன். படிக்கவா குடுத்தேன்?”

அக்கா மூட்டையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார்.

“மூணு வாரத்துல பிள்ளைக்குப் பரீட்சை லா. அது முடியிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இந்தச் சட்டைய மாட்டிக்கிட்டு தினம் போயி பஸ் ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வர்றேன். நேத்து உன் மெசேஜ என்கிட்ட காட்டி, ‘இது நீங்களாம்மா’ன்னு கேக்குறா. நான் என்ன சொல்றது?”

அழவில்லை. கத்தவுமில்லை. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் எழுதியதை அழித்தேன். அதைப் படிக்காதவர் ஒருவரும் இல்லாதபோது அழித்து என்ன பயன்? மன்னிப்புக் கேட்டுக் குழுவில் எழுதலாமென்று உட்கார்ந்தேன். அதுவும் இன்னொரு செய்தியாகத்தான் ஆகும் என்று தோன்றியது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து பள்ளிவிட்டு வந்த அக்காவின் மகள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

“சித்தி, அம்மா இனிமே பஸ் ஸ்டேஷன்ல போயி உக்கார வேணாம். அது எனக்கு நிம்மதிதான். ஆனா நீங்க செஞ்சது சரியில்ல.”

“தெரியும்மா.”

“ஓகே. அந்த அரிசிய எடுத்துட்டுப் போறேன். வீட்ல இல்ல.”

மூட்டையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்து அவர்கள் வீட்டு அடுப்படி வரை கொண்டுபோனோம். அக்கா பார்த்தார். தடுக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. வேலைக்கு மனுப் போட அக்கா நிறைய நகல் எடுத்திருப்பார். எல்லாம் வேறு கடையில். எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் குழுவில் தண்ணீர், பாலம், கிளினிக் என்று எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மனிதர்களைப் பற்றி என்றால் அவர்களிடம் கேட்காமல் ஒரு வரி போடுவதில்லை. சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. “போடுவியா மாட்டியா?” என்பார்கள்.

சிம்பாங் அம்பாட்டில் பூச்செடி வளர்த்து விற்கும் பண்ணை ஒன்றில் அக்காவுக்கு வேலை கிடைத்த செய்தி, பண்ணைக்காரர் எங்கள் கடைக்கு வந்தபோது என் காதில் விழுந்தது. நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவே குழுவில் எழுதினார். அதுவரை அவர் அதில் ஒரு எழுத்துகூடப் போட்டதில்லை.

“வேலை கெடச்சிருச்சு. சாமான் குடுத்தவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க.”

நான் சாமான் எதுவும் கொடுத்திருக்கவில்லை. போவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கத் தவித்துவிட்டு, கடைசியில் போய் வாசலில் நின்றேன். உள்ளே பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கோழிக் குழம்புச் சட்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஏன் நிக்கிற? இலை போட்டாச்சு, வந்து உக்காரு.”

உட்கார்ந்தேன். குழம்பில் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டு, இரண்டாவது முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.